ரேடியோ அக்கா கட்டிக்காத்த ரகசியம்

இரண்டு ஆலைகளை ஒன்றாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மேலாளர் ஒன்பது அறிவிப்புகள் ஒட்டிவிட்டார். ஒன்பதிலும் ஒரே சேதிதான்: யாருக்கும் வேலை போகாது. அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அதை நம்ப ஒரு ஈ காக்கைகூட இல்லை.

"போகாதுன்னா எதுக்கு ஒன்பது தடவ சொல்றாங்க?" என்று கேட்டார் கட்டிங் மிஷின்காரர். நியாயமான கேள்விதான். கட்டிங்கில் அவரையும் சேர்த்துப் பதினொரு பேர். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் புது ஆலை ஓடாது, மேலாளரின் நாற்காலியும் தங்காது.

ஆலை நம்பியது ஒரே ஆளை. கேன்டீனில் டீ ஊற்றும் ரேடியோ அக்கா. அவர் காதில் விழுந்தது பத்து நிமிடத்தில் கடைசி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மேலாளருக்குத் திடீரென்று ஞானோதயம். அக்காவைத் தன் அறைக்கே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, யாருக்கும் வேலை போகாது. மேலிடத்துல கையெழுத்தே ஆயிடுச்சு. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். மூச்சு விடக்கூடாது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் அவர் மேசையில் பதினொரு ராஜினாமாக் கடிதங்கள். அவற்றை அள்ளிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினார். கட்டிங் மிஷின்காரர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"வேற என்ன சார் பண்றது? உங்க ரூமுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து அக்கா வாயே திறக்கல. கேட்டா கண்ணத் தொடச்சிக்கிறாங்க. அக்காவாலயே சொல்ல முடியலன்னா, எவ்வளவு பெரிய இடி விழப்போகுதுன்னு எங்களுக்குப் புரியாதா?"

மேலாளர் அக்காவிடம் திரும்பினார். "நல்ல விஷயம்தானே சொன்னேன்! ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கே சார்! பத்தொன்பது வருஷமா டீ ஊத்துறேன். ஒருத்தராவது என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னதுண்டா? நீங்கதான் சொன்னீங்க. உயிரே போனாலும் காப்பாத்தணும்னு இருந்தேன்."

மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, இப்ப சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

அக்கா தொண்டையைச் செருமினார். "யாருக்கும் வேலை போகாதாம்."

கட்டிங் மிஷின்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாவம் அக்கா. கடைசியில உங்களையும் சொல்ல வச்சிட்டாங்களே."