பனி வெடித்த அட்டிகை

காலையிலிருந்து நான்கு தடவை மாடிப்படி ஏறி இறங்கிவிட்டேன். மேலே என் கம்ப்யூட்டர், கீழே கடை. மேலே போனால் கல்யாண நகை பார்க்க வருகிறவர்கள் வந்துவிட்டார்களோ என்று இருப்புக் கொள்ளவில்லை. கீழே வந்தால் ஜாவீத் பாயின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜாவீத் பாய் எங்கள் முதலாளி. தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த நகைக்கடையில் டிசைன் போடுவதற்கென்று என்னை மாடியில் உட்கார வைத்ததே என் தொல்லை தாங்காமல்தான். ஒரு வருஷம் பொறுத்தார். நான் போட்ட எதையும் யாரும் வாங்கவில்லை. போன வாரம் சொல்லிவிட்டார்: "இந்தக் கல்யாண நகை ஒண்ணு போவுட்டும் பானு. போவலைன்னா திங்கக்கிழமையிலருந்து கொலுசு கவுண்டருக்கு வந்துரு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் எரிச்சல்.

கொலுசு கவுண்டர் ஒன்றும் கேவலமில்லை. மூன்று வருஷம் அங்கேதான் நின்றேன். பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் கிறுக்கித் திட்டு வாங்கியதும் அங்கேதான். திரும்ப அங்கே போய் நிற்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

எனக்குச் சீன டிசைன் கிறுக்கு பிடித்தது போனில் பார்த்த ஒரு வீடியோவால். அந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் கூரையின் ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை வைத்து ஒரு ஜிமிக்கி போட்டேன். தோட்டத்துச் சுவரில் முழு நிலா மாதிரி வட்டமாக வாசல் வைப்பார்கள். அது ஒரு பதக்கம் ஆனது. மூன்றாவது, ஒரு சன்னல். மரச்சட்டங்களைக் கோணல்மாணலாக இழைத்து, உறைந்த குளத்தில் பனிக்கட்டி வெடித்த மாதிரி செய்திருப்பார்கள். பனி வெடித்தால் குளிர்காலம் முடிந்தது, இனி நல்ல காலம் என்று அர்த்தமாம். அந்தச் சன்னலைத் தங்கக் கம்பியில் அட்டிகையாக்கினேன்.

மூன்று படங்களையும் கல்யாண வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மணப்பெண் அமுதவல்லி ஐந்தே நிமிஷத்தில் அட்டிகைதான் வேண்டும் என்று பதில் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் மனசு மாறிவிட்டால்? உடனே பட்டறையில் கொடுத்து அட்டிகையைச் செய்து வாங்கிவிட்டேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் லேட்டாம். அமுதவல்லி ஓசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒடிசலான பெண், பேச்சும் குறைவு. அவளுடைய அம்மா காசியம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க, காட்டுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"இது என்ன கண்ணு, ஏரி வெடிச்ச மாதிரி இருக்குது?"

அவர் சொன்ன பிறகு என் கண்ணுக்கும் வேறெதுவும் தெரியவில்லை. தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் ஏரி, அப்படியே தங்கத்தில். உறைந்த குளத்தை நான் எந்த ஜென்மத்தில் பார்த்தேன்? ஏரியைப் பார்த்தே வளர்ந்த கழுதைக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

"ஏரி இல்லீங்கம்மா, பனிங்க" என்று ஆரம்பித்து, சன்னல், குளிர்காலம், நல்ல காலம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். காசியம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"அவுங்க ஊருல பனி வெடிச்சா நல்லதா இருக்கும். எங்கூருல வெடிச்சது ஏரிதான். இவ பொறந்த வருசம் பொட்டுத் தண்ணி கெடையாது. இவ கால் வெச்ச நேரம்னு இவங்கப்பன் வூட்டுல வாய் கூசாம பேசினாங்க. ஒரு விசேசத்துல இவளை முன்னால நிக்க வுட்டதில்ல. அதையே கொண்டாந்து இவ கழுத்துல மாட்டச் சொல்றயா?"

ஜாவீத் பாய் என்னைப் பார்த்தார். நான் அவசர அவசரமாக வாயைத் திறந்தேன். சீனாவில் இன்னொரு கைவேலை உண்டு. கம்பிக் கட்டங்களுக்குள் எனாமலை நிரப்பிச் சூளையில் சுட்டு எடுப்பார்கள்.

"நீல எனாமல் நெரப்பிடலாம்ங்கம்மா. ஒரு கட்டம் வுடாம. ஏரி நெறைஞ்ச மாதிரி ஆயிடும்."

காசியம்மாளின் முகம் தெளிந்தது. "அப்படின்னா சரி" என்றார். ஜாவீத் பாய், "எங்க பானுவுக்குத் தெரியாத வேலை இல்லீங்க" என்றார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நான் எங்க பானு ஆனேன். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"நெரப்ப வேண்டாங்க" என்றாள் அமுதவல்லி.

அவள் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சுதாம்மா எடுத்தேன். போன்ல பாத்தவுடனே ஏரின்னு தெரிஞ்சுது. என் சம்பளத்துல என் கழுத்துக்கு வாங்கறேன். பேசினவங்க எல்லாரும் கல்யாணத்துல முன்வரிசையில வந்து ஒக்காரத்தானே போறாங்க. பாக்கட்டும்."

"நல்ல நாளும் அதுவுமா வேண்டாம் பாப்பா." காசியம்மாள் மகளின் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. நீலம் நெரப்பினாத்தானே நல்லாருக்கும்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும், என் நாற்காலி எனக்கு. ஜாவீத் பாய் கண்ணாலேயே தலையாட்டச் சொன்னார். நான் தைரியசாலி இல்லை. கொலுசு கவுண்டர் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அட்டிகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலையை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"இல்லீங்கம்மா" என்றேன். "நெரப்பினா கெட்டுப்போயிடும். இப்படியேதான் நல்லாருக்கு."

ஜாவீத் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

காசியம்மாள் அட்டிகையைக் கையில் எடுத்தார். கம்பிகளின் மேல் விரலை ஓட்டினார். "எத்தனை தடவ நடந்திருக்கேன் இதும்மேல. இடுப்புல இவ, தலையில கொடம்" என்றார். எங்களில் யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

எழுந்து மகளுக்குப் பின்னால் போய் நின்றார். "யாராச்சும் இது என்ன மாடல்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஏரின்னு சொல்லுவேன். பேசினவங்களுக்கு எந்த வருசத்து ஏரின்னு தெரியும்."

காசியம்மாள் மகளின் பின்னலை ஒதுக்கிவிட்டு, "இந்தக் கொக்கிய எப்படிம்மா மாட்டறது?" என்று என்னைக் கேட்டார். நான் காட்டினேன். அவரே மாட்டிவிட்டார்.