துபாயில் கடற்கரை எப்படிச் சுத்தமாக இருக்கிறது?

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது கடல் என்று சொல்லத்தான் ஆசை. தந்தவர் வார இதழ் ஆசிரியர், தொலைபேசியில். "கடற்கரையில குப்பை அள்ளுற தன்னார்வலர்கள் பத்தி ஒரு கதை வேணும் சார். சின்னதா, நம்பிக்கை தர்ற மாதிரி. போன தடவை மரம் நடுற கதை கேட்டேன். மூணாவது பத்தியிலேயே மரத்தைச் சாகடிச்சிட்டீங்க."

ஆகவே நம்பிக்கையோடு தொடங்கினேன்: 'கோட்டக்குப்பம் கடலின்மேல் பொற்கதிரோன் மெல்ல மெல்ல'

வேண்டாம். அன்று கரையில் கதிரோன் தெரியவில்லை. ஃபிளெக்ஸ் மறைத்துக்கொண்டிருந்தது.

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் நிறையத் தன்னார்வலர்கள் வந்து இறங்கினார்கள். தலைவி அஸ்வினி, கல்லூரிப் பேராசிரியை. பச்சை டீ-ஷர்ட், கையுறை, கோணி. (இந்த இடத்தில் அவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்ததாக எழுதுவது வழக்கம். குடித்தார்கள். சிரித்துவிட்டு வாருங்கள்.)

ஃபிளெக்ஸ், டீ-ஷர்ட், இட்லி எல்லாம் உள்ளூர் மரக்கடைக்காரர் சிக்கந்தர் பாட்சாவின் உபயம். அவர் மகனுக்கும் முஜிபுர் ரஹ்மானின் மகள் முஸ்கானுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ். "சம்பந்தி துபாய்ல மேனேஜரா இருந்தவரு" என்று விழுப்புரம் வரை சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் அப்படிச் சொன்னவர் முஜிபுர்.

துபாயில் முஜிபுர் பார்த்த வேலை, கடற்கரை கூட்டுவது.

இது அவர் வீட்டுக்கே தெரியாது. எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். சம்பந்திக்குத் தெரிந்தால் நிக்காஹ் நின்றுவிடும் என்று முஜிபுருக்குப் பயம்.*

* சம்பளம் வாங்கிக்கொண்டு கடற்கரையைக் கூட்டினால் மறைக்க வேண்டும். சும்மா கூட்டினால் பொன்னாடை. காரணம் தெரிந்தவர்கள் ஆசிரியருக்கு எழுதலாம்.

3

சம்பந்தி கூப்பிட்டதால் முஜிபுரும் மகளோடு கரைக்கு வந்திருக்கிறார். இப்போது எனக்கு ஒரு சங்கடம். வேலை தெரிந்தவர் கையில் கோணியைக் கொடுத்தால் கை தானாக ஓடும், ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முஜிபுர் வேண்டுமென்றே சொதப்புகிறார். ஒரு பிஸ்கட் உறையை, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்குகிறார். (நம்பும்படி இருக்கிறதா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் மகளைப் பெற்றவர் செய்வார்.)

"இன்னா அத்தா, இப்டி கூச்சப்பட்டுக்கினு எடுக்குறீங்க? அது கடிக்காது" என்று முஸ்கான் சிரித்தாள்.

"முதுகு புடிச்சிக்கிச்சிம்மா."

"இன்னும் குனியவே இல்ல, அதுக்குள்ள முதுகா?"

சிக்கந்தர் பாட்சா வந்து கோணியைப் பிடுங்கிக்கொண்டார். "உடுங்க சம்பந்தி. ஏசி ரூம்ல ஒக்காந்துக்கினு இருந்தவருக்கு இதெல்லாம் பழக்கம் இருக்குமா? ஜல்தி வாங்க, போட்டோ எடுக்குறாங்க."

[இங்கே முஜிபுரின் மனநிலை பற்றி ஒரு பத்தி இருந்தது. 'அவர் நெஞ்சிலும் அலைகள்' என்று தொடங்கியது. அதையும் கோணியில் போட்டுவிட்டேன்.]

போட்டோ முடிந்தது. கோணிகள் பாதிகூட நிரம்பவில்லை. போட்டோவுக்கு அது போதும். அஸ்வினி மைக்கைப் பிடித்தார். "துபாய்ல பீச்செல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குதாம். அது எப்படின்னு, அங்கேயே இருந்த முஜிபுர் பாய் இப்ப ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க!"

"பேஜாராப் போச்சே" என்று முஜிபுர் முனகியது மைக்கில் கேட்டுவிட்டது. அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், "அங்க சட்டம் கடுமை, ஜனங்களுக்கு ஒழுக்கம்" என்கிறார் முஜிபுர். கைதட்டல். நிக்காஹ் நடக்கிறது. பிரியாணி பிரமாதம். பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இல்லாத ஓர் ஏசி ரூமை வர்ணித்துக்கொண்டே அவர் கிழவராகிறார்.

இரண்டாவதில் உண்மையைச் சொல்கிறார். சிக்கந்தர் பாட்சா கண்கலங்கி ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் சிக்கந்தர் பாட்சாவைப் படைத்தவன் நான். அவர் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை. "ஊட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்பார். சொல்லவே மாட்டார்.

மூன்றாவதில் முஸ்கான் மைக்கை வாங்கி, கூட்டமே வாயடைத்துப்போகும்படி

எதைப் பேசுவாள்? அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. முன்வரிசையில் நின்று, செல்போனில் அத்தாவைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் எழுதவில்லை. அவளாகவே எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

5

ஆசிரியர் மறுபடி கூப்பிடுகிறார். நான் எடுக்கவில்லை. முஜிபுர் பேசத் தொடங்கிவிட்டார்.

"துபாய்ல வந்துங்க... விடியறதுக்கு முன்னாடியே..."

நிறுத்தி, தொண்டையைச் செருமுகிறார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். சிக்கந்தர் பாட்சா பெருமையாகத் தலையாட்டுகிறார். அவருக்கு அடுத்தாற்போல் பச்சை டீ-ஷர்ட்டில் நிற்பது நீங்கள். உங்கள் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, உங்களைப் பார்த்துவிட்டார். முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அதைப் பார்த்துத்தான் அந்த வாக்கியத்தை முடிக்கப்போகிறார்.