ஒரு ‘வாங்க’வுக்கு எட்டு மாடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம், சொல்கிறவன் தலையைத் தவிர. அதில் மிச்சம் இருப்பதே பதினேழு முடி.

அந்த எட்டு மாடிக் குடியிருப்புக்குப் பத்தொன்பது வருடங்களாகக் குழாய் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். எந்த வால்வை மூடினால் எந்த வீட்டில் தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. மொட்டைமாடியில் இருக்கும் பெரிய வால்வை முதலில் கால் சுற்று திறந்து, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி, அப்புறம்தான் மூட வேண்டும். நேராக மூடப் போனால் அது முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அந்த சூட்சுமமும் அவருக்குத்தான் தெரியும்.

இத்தனை தெரிந்தவரை அந்தக் கட்டடமே ‘நீ’ என்றது. சங்கச் செயலாளர் ‘நீ’ என்றார். மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் குழந்தையும் ‘நீ தள்ளு’ என்றது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, மீசை முழுக்க நரை, முட்டி இரண்டும் தேய்மானம். லிஃப்ட் பக்கத்தில் ‘வேலையாட்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்’ என்று ஒரு பலகை தொங்கியது. ‘வும்’ போட்டு முடித்ததால், அந்தக் கட்டடத்தில் அவரிடம் மரியாதையாகப் பேசியது அந்தப் பலகை ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, தோளில் கனத்த பையோடு அவர் லிஃப்ட் வாசலைக் கடந்தபோது மூன்றாம் மாடி அம்மாள் அங்கே நின்றிருந்தார். லிஃப்ட் கதவு திறந்தது.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. பயப்படாதீங்க."

குழாய்க்காரருக்கு நெஞ்சு ஒரு கணம் நிறைந்துபோயிற்று. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"உன்னை இல்லப்பா," என்றார் அம்மாள். அவர் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில் நாய் நின்றது. "நீ படியில வா."

நாய் அவரைப் பார்த்தது. அதற்கே சங்கடமாக இருந்தது என்று அன்று மாலை அவர் தன் மனைவியிடம் சொன்னார்.

"இனிமே அந்தக் கட்டடத்துல யாராவது வாயைத் திறந்து ‘வாங்க’ன்னு கூப்பிட்டாத்தான் பைப்புல கை வைப்பேன். இல்லேன்னா ஊறிச் சாகட்டும்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "பாதி பொழப்பு அங்கேருந்துதான் ஓடுது."

"நின்னா நிக்கட்டும்."

"நாய்க்கு மரியாதை கெடச்சது உங்களுக்குப் பொறுக்கல."

"நாய்க்குக் குடுக்கட்டும். யார் வேணாம்னா? எனக்கும் சேத்துக் குடுக்கட்டும்னு சொல்றேன்."

"இருபத்தாறு வருஷமாச்சு. என்னை எத்தனை தடவை ‘வாங்க’ன்னிருக்கீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவர் ஸ்பேனரைக் கழுவப் போய்விட்டார். ஸ்பேனர் சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே எட்டாம் மாடிக்கு ஒரு நடிகர் குடிவந்தார். ரசிகர்கள் அவரை ‘மின்னல்’ என்பார்கள். மின்னல் ஏறும்போது லிஃப்ட்டில் வேறு யாரும் ஏறக் கூடாது என்று செயலாளர் புதிதாக ஒரு பலகை மாட்டினார். அப்படி ஒரு பலகை வேண்டும் என்று நடிகர் கேட்கவே இல்லை. மாட்டிவிட்டு, வாசலில் நின்ற குழாய்க்காரரிடம் செயலாளர் உருகினார்: "என்னமா நடிக்கிறான் தெரியுமா? அவன் ஒருத்தன்தான்யா நடிகன்."

குழாய்க்காரர் அதையும் கவனித்தார். மின்னலும் ‘அவன்’, தானும் ‘அவன்’. ‘பைப்புக்காரன் வந்தானா?’ என்று கேட்பதும் இதே வாய்தான். அதே ‘ன்’ அங்கே மாலையாக விழுகிறது. இங்கே ஈ விரட்டுவதுபோல் வந்து விழுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பேசாமல் எதிர்ச்சாரியில் இருந்த இரும்புக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒன்பது நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு, மின்னல் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், குளியலறைக் குழாய் சுவரோடு பிய்த்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் படிக்கட்டில் அருவியாக இறங்கியது. நான்காம் மாடி வக்கீலின் செருப்புகள் ஒவ்வொன்றாக, வாங்கிய வருட வரிசைப்படி, வெளியே வந்தன. ஐந்தாம் மாடி சோபா வந்தது. அதன்மேல் தூங்கிய பூனை எழுந்திருக்கவில்லை. தரைத்தளத்து ஓய்வுபெற்ற அதிகாரி நாற்காலியில் அமர்ந்தபடியே தெருவுக்கு மிதந்து வந்தார். செய்தித்தாளை அவர் மடிக்கவில்லை. இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருந்தது.

மொட்டைமாடிக்கு ஓடியவர்கள் பெரிய வால்வை நேராக மூடப் பார்த்தார்கள். அது முறுக்கிக்கொண்டது.

செயலாளர் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இரும்புக்கடைக்கு ஓடி வந்தார்.

"ஏய், இங்கயா உக்காந்திருக்க? பைப்பு பிச்சுக்கிச்சு. சீக்கிரம் வா."

"அதுக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து இருக்கு சார்."

"எதுக்குப் பின்னாடி?"

"‘வா’வுக்குப் பின்னாடி. அதையும் சேத்துச் சொன்னா வர்றேன்."

செயலாளர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டுத் தொலைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ‘வா’ வந்தது. அதற்குமேல் தாடை நகரவில்லை. பத்தொன்பது வருடம் யாரும் திருகாத வால்வு அது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில், "வந்தா நல்லா இருக்கும்," என்றார்.

"யாரு வந்தா?"

"வர வேண்டியவங்க வந்தா. இந்தா, இதுல ‘ங்க’ இருக்கு. எடுத்துக்கோ."

"‘எடுத்துக்கோ’ன்னு முடிச்சிட்டீங்களே சார்."

அதற்குள் குடியிருப்பே தெருவில் கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் முயன்றார்கள். மூன்றாம் மாடி அம்மாள், "வர்றதா? வரலாமா? வந்தாச்சா?" என்று மூன்று திசையிலிருந்து வந்து பார்த்தார். வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குழாய் உடனடியாகச் சரிசெய்யப்படலாமே," என்றார். யார் செய்வது என்று சொல்லாமலே ஒரு வேலையைச் செய்யச் சொல்ல இந்த மொழியில் இத்தனை வழி இருப்பது குழாய்க்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. இரண்டு எழுத்தைத் தவிர்க்க இவ்வளவு உழைக்கிறார்களே, இதில் பாதி உழைத்திருந்தால் வால்வே திரும்பியிருக்கும்.

அப்போது கூட்டம் இரண்டாகப் பிளந்தது. இடுப்பில் துண்டும் பாதித் தலையில் நுரையுமாக மின்னல் எட்டு மாடி நடந்து இறங்கி வந்திருந்தார். நேராக பெஞ்சுக்கு வந்து, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, "அண்ணே, வாங்க. மேல வந்து கொஞ்சம் பாருங்க. கண்ணு எரியுது," என்றார்.

குழாய்க்காரர் எழுந்தார். தேய்ந்த முட்டியோடு எட்டு மாடி ஏறினார். கால் சுற்று, ஒரு தட்டு, மூடல். தண்ணீர் நின்றது.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவருக்கு ‘வாங்க’ மழை. ஆனால் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துச் சொன்னார்கள். ஒழுகாத குழாய்க்கெல்லாம் கூப்பிட்டார்கள். "அவர் எப்படிச் சொன்னாரு? ‘வாங்க’வா, ‘வாங்ங்க’வா? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க," என்று போனை நீட்டினார்கள். மின்னல் எவ்வளவு எளிமையானவன் என்று கண் கலங்கினார்கள். குழாய்க்காரர் பத்தொன்பது வருடமாக அவர்களிடம் சொன்ன ‘சார், சொல்லுங்க’, ‘அம்மா, தள்ளிக்குங்க’ எதற்கும் யாரும் கலங்கியதில்லை. பெரிய ஆள் ஒரு தடவை சொன்னால் பண்பு. இவர் தினமும் சொன்னால் அது வேலையில் ஒரு பகுதி.

வெள்ளிக்கிழமை செயலாளர் வீட்டுச் சமையலறையில் வாஷர் போய்விட்டது. செயலாளர் கதவைத் திறந்து கழுத்தைச் சாய்த்தார். "அண்ணே, வாங்க."

"கழுத்தை நேரா வெச்சுச் சொல்லுங்க சார்."

"என்ன?"

"மின்னல் சொன்னது போதும். நீங்க சொல்லுங்க. என்னைப் பாத்து."

செயலாளர் கழுத்தை நேராக்கினார். நிஜமாகவே முயன்றார். உள்ளே குழாய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பதினோரு சொட்டு விழுந்த பிறகு, "உள்ள வந்தாச்சுன்னா... ஆரம்பிச்சிடலாம்," என்றார்.

குழாய்க்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "சரி சார். ஒழுகப்படட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் அவர் கால் வைக்கவில்லை. பாதிப் பிழைப்பு போனது போனதுதான்.

மின்னலுக்கு இந்த மொழியில் ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாது. அன்று பெஞ்சுக்கு முன்னால் சொன்னது, ஏதோ ஒரு படத்தில் வாயசைக்க மனப்பாடம் செய்த வசனம். அவருடைய இருபத்திரண்டு படங்களிலும் குரல் கொடுத்தவர் வேறொருவர்.