சிரிப்புக்குக் காத்திருந்த கை

நாலு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்ல வேண்டுமானால் அது சின்னப் பொய்யாக இருக்க வேண்டும். சூப்பர்வைசருக்கு அது தெரிந்திருந்தது. அதனால் அதைச் சீவிச் சீவி ஒரே வரியாக்கி வைத்திருந்தார்.

"வாக்கி டாக்கியில சத்தமே வரல. அவ்வளவுதாம்மா நீ சொல்ல வேண்டியது. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

கிரேன் ஓட்டும் அக்கா கையுறையை மாட்டினாள். மாட்டியதைக் கழற்றினாள். உடை மாற்றும் அறையின் வாசலை அடைத்துக்கொண்டு அவளுடைய கொழுந்தன் நின்றான். அவனும் இதே கிடங்கில்தான் வேலை. அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தாள். வெளியே தலைமை அலுவலகத்து விசாரணை அதிகாரியின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார் சூப்பர்வைசர். "நீ மாத்திப் பேசினா உன் லைசன்ஸ் போகும். இவன் வேலையும் போகும். அவன் ஒண்டிக்கட்டை, எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவான்."

அவன் என்றால் கீச்சு.

கீச்சுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இரும்புக் குழாய்க் கிடங்கு. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன், அதில் தொங்கும் கண்ணாடிக் கேபின், கேபினுக்குள் அக்கா. குழாய்களைக் கட்டுக் கட்டாகத் தூக்கி லாரியில் வைப்பதும், லாரியிலிருந்து எடுத்து அடுக்குவதும் அவள் வேலை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கீழே பாதி தெரியாது. அதனால் தரையில் நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கீச்சு. ஆறடி உயரம், கதவு மாதிரி நெஞ்சு. ஆனால் வாயைத் திறந்தால் எண்ணெய் காணாத கீல்தான் கேட்கும். கடவுள் கொடுத்த குரல், அவன் என்ன செய்வான்? வேலையில் படு கெட்டி. ஆரம்பத்தில் அந்தக் குரலை யாரும் பொருட்படுத்தவே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெல்ட்தான். ஒரு நாள் லாரி புறப்படத் துடித்துக்கொண்டிருந்தபோது, குழாய்க் கட்டைச் சுற்றிப் போட்ட தூக்கு பெல்ட்டில் நூல் பிரிந்திருப்பதைக் கீச்சு பார்த்துவிட்டான். நிறுத்தச் சொன்னான். "இந்த ஒரு தடவை தூக்கிடுப்பா," என்று சூப்பர்வைசர் கேட்டும் அசையவில்லை. லாரி காலியாகப் போயிற்று. மேலிடத்திலிருந்து போனில் வந்த வசவைச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நின்றபடியே வாங்கிக் கட்டிக்கொண்டார். மனிதருக்கு அது ஆறவே இல்லை. ஆனால் கீச்சு செய்தது சரி. சரியாகச் செய்தவனைத் திட்ட முடியாது. சிரிக்கலாம்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க, எனக்குப் பயமா இருக்கு," என்று கீச்சுக் குரலில் பேசிக் காட்டினார் சூப்பர்வைசர். கூட்டம் வெடித்துச் சிரித்தது. பொய் சொல்வானேன், அக்காவும் சிரித்தாள். கீச்சு என்கிற பெயர் அன்றைக்குத்தான் வந்தது.

தலைவரே ஆரம்பித்து வைத்தால் அப்புறம் கேட்க வேண்டுமா? கொழுந்தனுக்கு மிமிக்ரி கைவந்த கலை. வேலை நடுவே வாக்கியில், "நிறுத்துங்க அக்கா!" என்று அச்சு அசலாகக் கீச்சு போலவே கத்துவான். அக்கா பதறிப்போய் லிவரை இழுப்பாள். கட்டு அந்தரத்தில் ஆடும். "ஏமாந்தீங்களா அண்ணி!" என்பான். உடனே கீழே தன் கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே வாக்கியை அழுத்திச் சூப்பர்வைசர் சிரிப்பார். கரகரவென்று நீளமான சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே கொழுந்தன் தினமும் கத்தினான். அவனுக்கு வெயிலில் நிற்காத வேலையாகப் பார்த்துப் பார்த்துக் கிடைத்தது.

கீச்சு ஒரு முறை கண்ணாடி அறைக்குப் போய் முறையிட்டான். "சார், அது உயிரைக் காப்பாத்தற கருவி. அதுல விளையாட வேணாம்னு சொல்லுங்க."

"என்னப்பா நீ, தமாசுகூடத் தெரியாதா? ஆம்பளைதானே, தாங்கிக்கோ. உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க," என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு கீச்சு வாக்கியில் பேசுவதையே விட்டுவிட்டான். கையால் மட்டும் காட்டினான். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. விரல்களை மடக்கினால் நிறுத்து. சாப்பாட்டு வேளையில் குழாய் அடுக்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். மேலே இருப்பவளுக்குத் தெரியாதது உண்டா? தினமும் பார்த்தாள். நெஞ்சு உறுத்தியது. சொல்லலாமென்றால் கத்துகிறவன் சொந்தக் கொழுந்தன், சிரிக்கிறவர் மேலதிகாரி. நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

இருந்துகொண்டே ஒரு பாடமும் படித்துவிட்டாள். கீச்சு வாய் திறப்பதில்லை. ஆக, வாக்கியில் வரும் கீச்சுக் குரல் எல்லாமே போலி. சந்தேகமாக இருந்தால் ஒரு கணம் காத்திருந்தால் போதும், சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் தமாசு. லிவரை இழுக்க வேண்டியதில்லை.

போன வாரம் வரை அந்தப் பாடம் பொய்க்கவில்லை.

போன வாரம், அடுக்குக்குப் பின்னால் ஒரு குழாய்க் கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே தாங்குவதற்குப் போட்டிருந்த மரத்துண்டு கோணலாகக் கிடந்ததைப் பார்த்து, கொக்கி மாட்டும் மீசைக்காரர் அதைத் திருப்ப உள்ளே குனிந்தார். அக்காவுக்கு அவர் தெரியவில்லை. கீச்சுவுக்குத் தெரிந்தது. ஆனால் அவரைப் பார்க்கிற இடத்தில் நின்றால் அவன் கை அக்காவுக்குத் தெரியாது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் வாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

"நிறுத்துங்க அக்கா!"

அடுத்த கணமே சிரிப்பு வந்தது. அதே கரகர சிரிப்பு. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த மனிதர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, பழக்கதோஷம், சிரித்துவிட்டார். அக்கா இறக்கினாள். மீசைக்காரர் அலறியது வாக்கி இல்லாமலே மேலே கேட்டது.

அவர் காலை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்த பிறகும் அவருக்கு எதுவும் நினைவில்லை. 'சிக்னல் ஆள் எச்சரிக்கவில்லை' என்று சூப்பர்வைசர் மேலே எழுதி அனுப்பிவிட்டார். கீச்சுவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீஸ் கேஸ் வரும் என்றும் பேச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதேதான்.

விசாரணையன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கா புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டுக்கொண்டார். "நீ என்ன கேட்டியோ எனக்குத் தெரியாது. அவன் என் தம்பி. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்," என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

விசாரணை அதிகாரி குள்ளமான பெண்மணி. கிடங்கின் நடுவிலேயே ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கேட்டார். சுமை ஏற்றும் இருவரும் வரி பிசகாமல் ஒப்பித்தார்கள். கொழுந்தனும் ஒப்பித்தான். அக்காவின் முறை வந்தது. எதிரே கீச்சு நின்றுகொண்டிருந்தான். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய், சவரம் செய்யாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவி, அவன் கண்ணில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

"வாக்கியில என்ன கேட்டுச்சு?"

அக்கா அவனிடமிருந்து கண்ணை எடுத்தாள். "சத்தமே வரல மேடம்," என்றாள்.

கீச்சு தரையைப் பார்த்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

"சொன்னேன் மேடம். நிறுத்தச் சொன்னேன்."

அந்தக் குரலைக் கேட்டதும், இவ்வளவு நடந்த பிறகும், சுமை ஏற்றுகிறவர்களில் ஒருவனுக்கு உதடு துடித்தது. இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, அன்னைக்கு நடந்த மாதிரியே ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம்," என்று எழுந்தார்.

மீசைக்காரர் குனிந்த இடத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்தார்கள். அக்கா ஏணியில் ஏறப் போனபோது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "அவன் வாயத் திறந்ததும் டக்குன்னு நிறுத்திடு. அன்னைக்கும் காதுல விழுந்திருந்தா நிறுத்தியிருப்பேன்னு அந்த அம்மாவுக்கே புரிஞ்சிடும். கேஸ் இத்தோட முடிஞ்சுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு மனிதர் எவ்வளவு யோசித்திருக்கிறார்! ஆனால் யோசனை சரிதான். அக்காவும் அதையே நினைத்துக்கொண்டு ஏறினாள். டக்கென்று நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் கொழுந்தன் தப்பிப்பான், லைசன்ஸ் தப்பிக்கும், வீட்டில் சண்டை இருக்காது. போவது கீச்சு மட்டும்தான். கேபின் கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். லிவரைப் பிடித்தாள்.

கட்டு மேலே எழுந்தது, நகர்ந்தது, அடுக்குக்கு நேராக வந்து நின்றது. கீழே தலைகள் வட்டமாகத் தெரிந்தன. கீச்சு அடுக்கைச் சுற்றி நடந்து பின்னால் மறைந்தான். அக்கா இறக்கத் தொடங்கினாள். காதைத் தீட்டிக்கொண்டாள். இதோ வரும், வந்ததும் நிறுத்து, வந்ததும் நிறுத்து.

"நிறுத்துங்க அக்கா!"

கை நிறுத்தவில்லை.

அவள் நிறுத்தத்தான் நினைத்தாள், சத்தியமாக. ஆனால் அந்தக் கை எதற்கோ காத்திருந்தது. கட்டு இறங்கியது, இன்னும் இறங்கியது. வாக்கியில் இரைச்சல் மட்டும் இருந்தது. அப்போதுதான் உறைத்து லிவரை இழுத்தாள். அதற்குள் அட்டைப்பெட்டி நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அதிகாரி வாக்கியை வாங்கிப் பேசினார். "வார்த்தை வந்துச்சு. எனக்கே கேட்டுச்சு. ஏன் நிறுத்தல?"

அக்கா வாக்கியை அழுத்துவதற்குள் கொழுந்தன் தன் வாக்கியில் முந்திக்கொண்டான். "மேடம், பழைய கிரேன் மேடம். லிவர் கொஞ்சம் இறுக்கம்."

நல்ல பதில். கெட்டிக்காரன்தான். அவள் ஆமாம் என்று சொன்னால் போதும். ஆனால் அக்கா தன் கையைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தும், தானே நினைத்தும் நிறுத்த முடியாத கை. நாளைக்கு அந்தப் பெட்டி இருக்கிற இடத்தில் இன்னொருவன் குனிவான். அவனுக்கும் இதே கைதான். அவளுக்கு அந்தக் கையை நினைத்துப் பயம் வந்தது. அப்படி ஒரு பயம் லைசன்ஸை நினைத்தும் வந்ததில்லை, புருஷனை நினைத்தும் வந்ததில்லை.

"லிவர் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றாள். "நான் சிரிப்புக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன சிரிப்பு?"

"அந்தக் குரல்ல தினமும் தமாசுக்குக் கத்துவாங்க. கத்தினதும் ஒரு சிரிப்பு வரும். சிரிப்பு வந்தா பொய்னு அர்த்தம், நான் பாட்டுக்கு இறக்கலாம். அன்னைக்கு அவன் நெசமாவே கத்தினான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் சிரிப்பும் கேட்டுச்சு. அதான் இறக்கிட்டேன். இப்ப கேட்டப்போ சத்தமே வரலைன்னு சொன்னது பொய் மேடம்."

"யார் சிரிச்சது?"

அவள் சொல்வதற்கு முன்பே கீழே இருந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. மேலிருந்து பார்த்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் வாயால் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சூப்பர்வைசர் சார். கத்தறது என் கொழுந்தன். கூடச் சிரிச்சவங்கள்ல நானும் உண்டு."

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். "மேடம், பசங்க ஏதோ விளையாட்டுக்கு..." என்றார். யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திவிட்டார். கொழுந்தன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். இந்தப் பார்வை இன்றைக்கு வீட்டுக்கு வரும், நாளைக்கும் வரும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. வரட்டும்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். "அந்தக் கட்டைத் தூக்கச் சொல்லுங்க," என்று அடுக்குப் பக்கம் குரல் கொடுத்தார்.

அக்கா வாக்கியை அழுத்தினாள். "தம்பி, நீ சொல்லு. நீ சொன்னா தூக்கறேன்." மறுபடியும் அழுத்தினாள். "மன்னிச்சிடுப்பா."

அவள் காத்திருந்தாள். இந்த முறை சிரிப்புக்காக இல்லை, அந்தக் கீச்சுக் குரலுக்காக. கிடங்கு முழுக்கக் காத்திருந்தது. வாக்கியில் யாரோ அழுத்துகிற கிளிக் கேட்டது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு விட்டுவிட்ட கிளிக்.

கொஞ்ச நேரம் கழித்து, அடுக்குக்குப் பின்னாலிருந்து அவன் நடந்து வெளியே வந்தான். அவளுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான். வாக்கியைத் தரையில் வைத்தான். நிமிர்ந்து, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரலை மட்டும் சுழற்றினான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கினாள்.