முகம் பார்த்துப் பேசும் பிள்ளை

1

இந்தக் கதை என் மகளின் வகுப்பாசிரியை சொன்ன ஒரு புகாரில் பிறந்தது. புகார் என்று அவர் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் ஆரம்பித்தார். கதையில் மகளுக்குச் சிட்டு என்று பெயர், வயது ஏழு.

2

தொடக்கம், முதல் முயற்சி: சிட்டுவின் அப்பா பெருங்குடிகாரர். தினமும் வீட்டில்...

(இந்த வரியை அடித்துவிட்டேன். பழியைப் போட வசதியான ஆள். நான் குடிப்பதில்லை.)

இரண்டாவது முயற்சி: வகுப்பில் தினமும் காலையில் பிள்ளைகள் தங்கள் பெயருக்குக் கீழே ஒரு முக அட்டையை மாட்ட வேண்டும். சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நான்கு வகை. யாராவது அழுதால் முதலில் போய்ப் பக்கத்தில் உட்காருவது சிட்டுதான். "இந்த வயசுல இவ்வளவு பக்குவமா!" என்று மெச்சி, ஆசிரியை அவளை வகுப்புத் தலைவியாக்கினார். ஒருநாள் அவருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்தபடி உள்ளே வந்தார். சிட்டு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அழுகை அட்டையை மாட்டினாள்.

"உனக்கு என்ன கண்ணு கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். உங்களுக்குத்தான்."

"இது உன் அட்டைம்மா. உனக்கு எப்படி இருக்கு?"

சிட்டு நான்கு அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு, "தெரியல மிஸ்" என்றாள். வருடம் முழுக்க சிட்டு மாட்டியது அவளுடைய முகத்தை இல்லை, ஆசிரியையின் முகத்தைத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

3

இங்கே அப்பா வர வேண்டும். அவர் கத்துவதில்லை, கை நீட்டுவதில்லை. எழுதுகிறார். வரி ஓடாத நாளில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். அன்று வீட்டில் குழாய்கூட அடக்கமாகத்தான் சொட்டும். "அப்பா மூஞ்சி சரியில்ல, அப்புறம் கேளு" என்பது அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

(என் மனைவி இதைப் படித்துவிட்டு, "முதல் பாடம் அது இல்ல. நீங்க கதவச் சாத்துற சத்தம்" என்றாள்.)

சூழலைப் பார்த்துத்தான் குழந்தை உணர்வுகளைக் கற்கிறது என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது யாரும் அறைக்குள் வரக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு (அ): அப்பா திருந்துகிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு (ஆ): சிட்டு ஒருநாள் உடைந்து அழுகிறாள், வீடே... (இது எனக்கு வேண்டிய முடிவு. அவளுக்கு?)

நேற்று மாலை என் மகளையே கூப்பிட்டு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "எது உனக்குப் பிடிச்சிருக்கு?"

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் புருவத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன். அது சும்மா சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"உங்களுக்கு எதுப்பா பிடிக்கும்? அதையே வைங்க. அதுதான் நல்லா இருக்கு."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. முடிவை நீங்கள்தான் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது நான் அந்த அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.