மூடி இல்லாத கப்பல்

"பொம்பளைங்க எல்லாம் கீழ்த்தட்டுல, ஆம்பளைங்க மேல. சங்கம் முடிவு பண்ணிடுச்சு," என்றார் ஃபாடிபே, கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டே.

கூழ் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி அனிக்கேயின் கை நின்றது. "ராத்திரிக்குமா?"

"ராத்திரி மேல மூடி போட்டுடுவோம். மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"பொலாஜி அப்பா, அது எந்தக் கப்பல்னு தெரியுமில்ல?"

மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான ஃப்ரீடவுனில் யாருக்குத்தான் தெரியாது? அடிமைகளை ஏற்றியதற்காக ஆங்கிலேயர் மூன்று தடவை பிடித்த கப்பல். முதல் இரண்டு தடவையும் நீதிமன்ற ஏலத்தில் எடுத்தவன் பெயரை மட்டும் மாற்றிப் பழைய தொழிலுக்கே அனுப்பினான். உள்ளே கிடந்தவர்களோடு கப்பலையும் சேர்த்து விடுதலை செய்த நீதிமன்றத்தை என்னவென்று சொல்ல. மூன்றாவது தடவை, இப்படிப் பிடிபட்ட கப்பல்களில் வந்து விடுதலையாகி, கடைகண்ணி வைத்துத் தலையெடுத்த யொரூபா நாட்டுக்காரர்களே சங்கம் கூடி அதை எடுத்தார்கள், ஊர் திரும்ப. 'விடுதலை அரசி' என்று பெயர் எழுதினார்கள். பார்த்த எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. பெண்களின் இடம்தான் மாறவில்லை.

"பதினோரு வருஷம் முன்னாடி அந்தக் கீழ்த்தட்டுலதான் கிடந்தேன். மூஞ்சிக்கு நேரா ஆட்டுக்கண்ணு மாதிரி ஒரு மரக்கணு. நேத்து போய்ப் பாத்தேன், அப்படியே இருக்கு."

"அப்ப விலங்கு. இப்ப பாய் போட்டுத் தர்றோம். பிடிக்கலைன்னா இங்கேயே இரு. பொலாஜி என்னோட வருவான்."

அம்மா ஊர்ப்பக்கம், அபெயோகுட்டாவில் உயிரோடு இருப்பதாக அவளுக்குச் சேதி வந்திருந்தது. அவள் மறுபடி கூழைக் கிண்டத் தொடங்கினாள்.

கிளம்பிய அன்று மேல்தட்டில் விருந்து. பெண்களை எங்கே படுக்க வைப்பது என்று நாலு கூட்டம் போட்ட சங்கம், விறகு வாங்க மறந்திருந்தது. ஆனாலும் அடுப்பு எரிந்தது, ஆட்டுக்கறி பனையெண்ணெயில் குழைந்து வெந்தது. "உன் கைப்பக்குவமே தனி," என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார் ஃபாடிபே.

பொழுது சாய்ந்தது. கரை மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கீழ்த்தட்டின் வாயை அடைக்கும் கனத்த மரச்சட்டத்தைத் தேடினார்கள்.

"மூடி எங்கடி?" என்று அனிக்கேயிடம் கேட்டார் ஃபாடிபே.

"விறகு இல்லைன்னு நாங்க பொம்பளைங்க சேந்து கோடாலியால பிளந்துட்டோம். நீங்க சாப்பிட்டது அதுல வெந்த கறிதான்."

அதட்ட வாயைத் திறந்தார் ஃபாடிபே. ஏப்பம்தான் வந்தது.

அனிக்கே கீழே இறங்கி, போட்டிருந்த பாய்களைச் சுருட்டி எடுத்துவந்து, மேல்தட்டில் காற்று வரும் பக்கமாக விரித்தாள். மற்ற பெண்களும் வந்து படுத்தார்கள்.