படுக்க மறுத்த முதலை

எலும்பைக் கோத்து முடிக்கும் முன்பே கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கிவிட்டது. அளவு கொடுத்தவர் அருங்காட்சியகத் தலைவர் காவ். அப்போது பாறைக்கு வெளியே தெரிந்ததெல்லாம் மண்டை ஓடு மட்டும்தான். முதலை இனம்தானே, தரையோடு தரையாகத்தானே கிடக்கும் என்று அவரே முடிவு கட்டி, முழங்கால் உயரத்துக்குக்கூட வராத பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். சீனாவின் யுன்னானில் எங்கள் ஹோங்போ ஊரில் எல்லாம் இப்படித்தான் நடக்கும். முதலில் திறப்பு விழாவுக்குத் தேதி குறிப்பார்கள், அப்புறம்தான் கட்டடத்துக்குக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பாறையை ஊசியால் சுரண்டிச் சுரண்டி அந்தப் பிராணியை வெளியே எடுத்தவள் துவான் யுன்ஷியா. பூனை அளவுதான். பத்தொன்பது கோடி வருடத்துக்கு முன்னால், நெடுங்கழுத்து டைனோசர்களின் காலடியில் பல்லியும் பூச்சியும் துரத்திக்கொண்டு திரிந்த, முதலைக்குப் பங்காளி முறை வருகிற உயிர். கால்களோ நாய்க்கு இருப்பதுபோல நீளமாக, நேராக இருந்தன. தொடை எலும்பை இடுப்புக் குழியில் பொருத்தியபோது அது செங்குத்தாகத்தான் உட்கார்ந்தது. பக்கவாட்டில் சாய்த்தால் குழியின் மேல்விளிம்பு இடித்தது. அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கி வைத்த அரிசி நூடுல்ஸ் கிண்ணத்திலேயே ஊறிக் களியாகிவிட்டது.

நிற்கிற முதலை, பெட்டியைவிட நாலு விரல் உயரம். காவ் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"காலைக் கொஞ்சம் அகட்டி வெச்சிடு, துவான்."

"அகலாது தலைவரே. விளிம்பு தடுக்குது."

"விளிம்பை அரத்தால தேய்ச்சு விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்குத் தெரியுமே!"

தெரியும்தான். பல்கலைக்கழகத்தில் இதையே படித்துவிட்டு வந்த மனுஷன். அவர் முகம் சுருங்கியது. "எனக்கு எது தெரியும், எது தெரியாதுங்கறது இப்போ பேச்சில்ல. சனிக்கிழமை கட்சிச் செயலாளர் வந்து திறந்து வைக்கறார். முதலைன்னா படுத்துக் கிடக்கணும், அதைத்தான் ஜனங்க பார்க்க வர்றாங்க. உன் வேலை வருஷா வருஷம் என் கையெழுத்துலதான் ஓடுது, மறந்துடாத."

மிரட்டல் நேராகவே வந்தது. யுன்ஷியாவுக்குப் புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள், இந்த ஊரில் ஊசி பிடிக்கிற வேலைக்கு வேறு இடமும் இல்லை. ஆனாலும் அரத்தைக் கையில் எடுத்ததும் அந்த விளிம்பைத்தான் பார்த்தாள். இத்தனை கோடி வருடம் மண்ணும் மலையும் அமுக்கியும் உடையாத விளிம்பை, ஒரு பெட்டிக்காக நான் தேய்ப்பதா? அவளுக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். அரத்தைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

எலும்பைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளைக்கிற ஷி அண்ணன் எதிரே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டார், "இப்போ நான் கம்பியைப் படுக்கையா வளைக்கணுமா, நிமித்தி வளைக்கணுமா?"

"நிமித்தி, அண்ணே."

"ரெண்டு பேரையும் சேர்த்துத் தொரத்தப் போறான்."

"ஒனக்குப் பென்ஷன் வரும்ல, பயப்படாத."

"பேச்சப் பாரு!" என்றார் ஷி. ஆனால் கம்பியை நிமிர்த்தித்தான் வளைத்தார்.

சனிக்கிழமை. பட்டாசு வெடித்து ஓய்ந்தது, செயலாளர் மேடை ஏறினார். எங்கள் பக்கம் எதைத் திறந்தாலும் மேலே சிவப்புத் துணி மூடியிருக்க வேண்டும். அந்தத் துணிதான் யுன்ஷியாவைக் காட்டிக்கொடுத்தது. தட்டையாகக் கிடக்க வேண்டிய துணி நடுவில் கூடாரம் போட்டிருந்தது. பெட்டியையும் காணோம். காவ் அதைப் பார்த்தார், பிறகு யுன்ஷியாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் துணியை இழுத்துவிட்டார்.

நான்கு காலில், கழுத்தை முன்னால் நீட்டி, இதோ பாயப் போகிறேன் என்பதுபோல நின்றது அது.

செயலாளர் கையிலிருந்த உரையைப் பார்த்தே வாசித்தார். "நம் மண்ணில் வயிற்றால் ஊர்ந்து திரிந்த..." நிறுத்தினார். கூட்டத்தில் காளான் விற்கிற ஒருத்தி சத்தமாகவே சொன்னாள், "அய்ய, இது முதலையா? எங்க வீட்டு நாய் மாதிரில்ல நிக்குது!"

கூட்டம் சிரித்தது. காவின் காது சிவந்தது.

"துவான்! இங்க என்ன தப்பு நடந்திருக்கு?"

எல்லார் முன்னாலும் கேட்டார். அது தப்பிக்க ஒரு கதவு என்பது அவளுக்குப் புரிந்தது. அவசரத்தில் தவறிவிட்டது, நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும், வேலை பிழைத்துவிடும்.

"ஒரு தப்பும் நடக்கல, தலைவரே," என்றாள். "இது ஊர்ந்ததே இல்ல. நின்னுச்சு, ஓடுச்சு. இதைப் படுக்க வைக்கணும்னா எலும்பைக் கெடுக்கணும். நான் கெடுக்க மாட்டேன்."

"அப்போ திங்கக்கிழமையிலேருந்து வேலைக்கு வராத."

"சரி."

அவ்வளவுதான். செயலாளர் மிச்ச உரையை வாசிக்காமல் மடித்து வைத்துக்கொண்டு தேநீருக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை நகரத்திலிருந்து ஒரு இளைஞனை வரவழைத்திருந்தார் காவ். கையில் கருவிப் பெட்டியும் அரமுமாக வந்தான். இருவரும் கூடத்துக்குள் நுழைந்தபோது அந்தப் பிராணியின் பக்கத்தில் யுன்ஷியா நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் ஒரு வகுப்புப் பிள்ளைகள், அவர்களுடைய டீச்சர், போதாததற்கு அந்தக் காளான்காரி.

"உன்னை வர வேண்டாம்னு சொன்னேன்ல?"

"வேலைக்கு வரல." மேல்சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். "காசு கொடுத்துப் பார்க்க வந்திருக்கேன். நாளைக்கும் வருவேன். தேய்க்கறதுன்னா தேய்ங்க, தலைவரே. எந்த எலும்பை, எதுக்காகத் தேய்க்கறீங்கன்னு இந்தப் பிள்ளைங்களுக்கு நான் பக்கத்துலயே நின்னு சொல்லிக்கிட்டிருப்பேன்."

இளைஞன் காவைப் பார்த்தான். காவ் தரையைப் பார்த்தார்.

பிள்ளைகளில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "அக்கா, இது எவ்வளவு வேகமா ஓடும்?"

"வா, காலைக் காட்டறேன்," என்று யுன்ஷியா மண்டியிட்டு உட்கார்ந்தாள்.